கோர்ட்டில் குழந்தையின் பக்கத்தில் உட்கார ஓர் ஆள்



சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்த நேரம். ஒரு தாய் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கையில் பல தடவை மடித்துப் பிரித்து, மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்த ஒரு காகிதம். "இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க பாய்" என்றார். அது சம்மன். அவருடைய பதினொரு வயது மகளைச் சாட்சி சொல்ல வரும்படி போக்சோ சிறப்பு நீதிமன்றம் அனுப்பியது. சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதற்குள் போலீஸ், டாக்டர், மாஜிஸ்திரேட் என்று பலர் அந்தப் பிள்ளையிடம் கேட்டாயிற்று. அடுத்து என்ன நடக்கும், எப்போது நடக்கும் என்று சொல்லத்தான் ஒருவரும் திரும்பி வரவில்லை. காகிதத்தைப் படித்துச் சொன்ன பிறகும் அந்தத் தாய் எழுந்திருக்கவில்லை. "யாராவது கூட வர்றீங்களா?" என்றார். அவர் கேட்க வந்ததே அதுதான் என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

(பிள்ளை யார் என்று எவருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக வயதையும் வேறு சில விவரங்களையும் மாற்றியே இங்கே எழுதுகிறோம். இது எங்கள் பெருந்தன்மை அல்ல, சட்டம் அப்படி. இத்தகைய குழந்தையின் பெயர், படம், தெரு, பள்ளிக்கூடம், குடும்பம் எதையும் வெளியிடுவது குற்றம். வாட்ஸ்அப் குழுவில் "துஆ செய்யுங்கள்" என்று பெயரோடு போடுவதும் இதில் அடங்கும்.)

கூடப் போனோம். அங்கேயே முதல் தவறையும் செய்தோம். ஆர்வத்தில் ஐந்து பேர் போய்விட்டோம், அதில் மூன்று பேர் ஆண்கள். பிள்ளை எங்களைப் பார்த்ததும் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டது. தான் செய்த தப்புக்கு ஜமாஅத்தே திரண்டு வந்திருக்கிறது என்று அது நினைத்துவிட்டதாக அந்தத் தாய் பிற்பாடு சொன்னார். அன்றைக்கு விசாரணையும் நடக்கவில்லை, வாய்தா போட்டுவிட்டார்கள். அந்தக் குழந்தையின் பக்கத்தில் உட்கார வேண்டியது கூட்டம் அல்ல, ஓர் ஆள். அந்த ஓர் ஆளுக்கு இந்த நாட்டுச் சட்டத்தில் ஏற்கெனவே ஓர் இடம் இருக்கிறது. இவை இரண்டையும் நாங்கள் கற்றுக்கொண்டது அந்த வழக்கில்தான். அந்த இடத்தைப் பற்றியே இந்தக் கட்டுரை.

சட்டத்தின் முழுப் பெயர், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், 2012. போக்சோ என்றால் எல்லோருக்கும் தெரியும். 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாத எல்லாரும் இதில் குழந்தைதான், ஆண்பிள்ளை பெண்பிள்ளை என்ற வித்தியாசம் கிடையாது. (ஆண்பிள்ளைக்கு நடந்தால் நம் வீடுகளில் அதைப் பேசுவதே இல்லை. அவனும் குழந்தைதான், அவனுக்கும் இதே சட்டம்தான்.) சட்டத்தின் கீழ் 2020 மார்ச்சில் வந்த புதிய விதிகள், வழக்கு தொடங்கியதிலிருந்து தீர்ப்பு வரை குழந்தையோடு இருக்க ஒருவரைக் குழந்தைகள் நலக் குழு நியமிக்கலாம் என்கின்றன. ஆங்கிலத்தில் சப்போர்ட் பெர்சன். தமிழில் ஆதரவு நபர் என்று சொல்லலாம். கோர்ட்டில் போய் "சப்போர்ட் பெர்சன்" என்று கேட்டால்தான் சட்டென்று புரியும்.

இவர் வக்கீல் அல்ல. போலீஸ் அல்ல. சாட்சியும் அல்ல. குழந்தைகள் உரிமைத் துறையில் வேலை செய்கிற ஒருவராகவோ, அப்படிப்பட்ட அமைப்பாகவோ, குழந்தை தங்கியிருக்கும் இல்லத்தின் அலுவலராகவோ, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் ஊழியராகவோ இருக்கலாம். குழந்தையும் பெற்றோரும் சம்மதித்தால்தான் நியமனம். குழுவின் நியமனத்தைத் தவிர, தங்களுக்கு நம்பிக்கையான எவருடைய உதவியையும் குடும்பம் நாடிக்கொள்வதை இந்த விதிகள் தடுக்கவில்லை.

இப்படி ஓர் ஆள் தேவை என்பதை உலகத்தில் வேறு சிலரும் உணர்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் சியாட்டிலில் டேவிட் சூக்கப் என்ற நீதிபதி, பெற்றோரால் கைவிடப்பட்ட, கொடுமைப்படுத்தப்பட்ட குழந்தைகளைப் பற்றிப் போதிய தகவல் இல்லாமலே முடிவெடுக்க வேண்டியிருக்கிறதே என்று உறுத்தலோடு இருந்தார். ஊர் மக்களிலிருந்தே தன்னார்வலர்களை அழைத்துப் பயிற்சி கொடுத்து, ஒருவருக்கு ஒரு குழந்தை என்று பொறுப்புக் கொடுக்கும் முறையை 1977இல் தொடங்கினார். இன்று அந்த நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் அது நடக்கிறது. அங்கே அந்தத் தன்னார்வலர், குழந்தைக்கு எது நல்லது என்று நீதிபதியிடமே அறிக்கை கொடுக்கிறார். நம் நாட்டு ஆதரவு நபருக்கு அந்த அதிகாரம் இல்லை. குழந்தையின் கவலையை உரியவர்களிடம் சேர்ப்பதும், குழந்தைகள் நலக் குழுவுக்கு மாதந்தோறும் அறிக்கை தருவதும் அவர் வேலை.

நம் நாட்டில் இது ஏட்டளவில் நின்றுவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டி வந்தது. 2022இல் உத்தரப் பிரதேசத்தின் லலித்பூரில் பதிமூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, தனக்கு நடந்த கொடுமையைச் சொல்லக் காவல் நிலையத்துக்குப் போனபோது அங்கேயும் கொடுமைக்கு ஆளானதாகப் புகார். அந்த விவகாரத்தை பச்பன் பசாவோ ஆந்தோலன் என்ற அமைப்பு உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. 2023 ஆகஸ்டில் நீதிபதிகள் ரவீந்திர பட், அரவிந்த் குமார் அமர்வு, ஆதரவு நபர்களின் தேவையைக் கணக்கிட்டு, பயிற்சி கொடுத்து, உரிய ஊதியமும் கொடுத்து நியமிக்க அந்த மாநில அரசுக்கு உத்தரவிட்டது. நாடு முழுவதற்குமான வழிகாட்டு நெறிகளைத் தயாரிக்கும்படி தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் கூறியது.

இனி, ஒரு வழக்கில் இந்த ஆள் என்னதான் செய்கிறார் என்பதைப் பார்ப்போம்.

முதல் சந்திப்பில் சம்பவத்தைப் பற்றிக் கேட்கவே கூடாது. இதை எங்கள் சகோதரிகளுக்குப் புரியவைக்கத்தான் அதிக நேரம் பிடித்தது. "எனக்கிட்ட சொன்னா மனசு லேசாகும்ல" என்பார்கள். ஆகாது. அந்தக் குழந்தை அதை ஏற்கெனவே பல பேரிடம் சொல்லியாயிற்று, இன்னொரு தடவை நம் ஆறுதலுக்காகச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடம், பூனை, தம்பி, எது பிடிக்குமோ அதைப் பேசலாம். எங்கள் சகோதரி ஒருவர் முதல் மூன்று சந்திப்பும் அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து மருதாணி வைத்துவிட்டுத் திரும்பினார். நான்காவது தடவை பிள்ளையே கேட்டது: "கோர்ட்டுல அந்த ஆளு இருப்பாரா மாமி?"

அந்தக் கேள்விக்குப் பொய் சொல்லக் கூடாது. இருப்பார். ஆனால் சாட்சி சொல்லும் நேரத்தில் குழந்தையின் கண்ணில் குற்றம் சாட்டப்பட்டவர் படாமல் பார்த்துக்கொள்வது நீதிமன்றத்தின் கடமை. நடுவில் திரை போடலாம், கண்ணாடித் தடுப்பு வைக்கலாம், காணொலி வழியாகக் கேட்கலாம். குழந்தை எப்படிச் சாட்சி சொல்ல விரும்புகிறது என்பதையும், எதைக் கண்டு பயப்படுகிறது என்பதையும் அதிகாரிகளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஆதரவு நபரின் கடமை என்று விதியே சொல்கிறது. எனவே "திரை வேண்டும்" என்பதை முன்கூட்டியே அரசு வழக்கறிஞரிடம் சொல்லி வைக்க வேண்டும். சாட்சி நாளன்று காலையில் போய்ச் சொன்னால் திரையைத் தேடுவதிலேயே பொழுது போய்விடும்.

குடும்பங்களுக்குத் தெரியாத வேறு சில பாதுகாப்புகளும் சட்டத்தில் இருக்கின்றன. விசாரணை மூடிய அறையில்தான், வேடிக்கை பார்க்க எவருக்கும் அனுமதி இல்லை. குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீல் குழந்தையிடம் நேராகக் கேள்வி கேட்க முடியாது, நீதிபதியிடம் கொடுக்க வேண்டும், நீதிபதிதான் குழந்தையிடம் கேட்பார். குழந்தையின் நடத்தையைக் கொச்சைப்படுத்தும் கேள்விக்கு இடமில்லை. இடையிடையே ஓய்வு கேட்கலாம், சும்மா சும்மா கோர்ட்டுக்கு வரவழைக்கக் கூடாது. குழந்தைக்கு நம்பிக்கையானவர் ஒருவர் அறைக்குள் கூட இருக்கலாம். அதற்கும் முந்தைய கட்டத்தில், வாக்குமூலத்தை வீட்டிலோ குழந்தை விரும்பும் வேறு இடத்திலோதான் வாங்க வேண்டும். வாங்குபவர் முடிந்தவரை சப் இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத பெண் அதிகாரியாக, சீருடை இல்லாமல் வர வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பெண்பிள்ளையைப் பரிசோதிப்பது பெண் மருத்துவராகத்தான் இருக்க வேண்டும்.

இவ்வளவும் எழுத்தில் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு, நேரத்தில் ஞாபகப்படுத்த ஓர் ஆள் இல்லாவிட்டால் எழுத்தில்தான் இருக்கும்.

சட்டத்தின் கணக்குப்படி, வழக்கை நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட முப்பது நாளுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிவு செய்ய வேண்டும். ஒரு வருடத்துக்குள் வழக்கையே முடிக்க முயல வேண்டும். நடப்பில் வாய்தாவுக்கு மேல் வாய்தா. குழந்தைக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. முதல் நாள் இரவெல்லாம் தூங்காமல், மறுநாள் பள்ளிக்கு லீவு போட்டு, உசிலம்பட்டிப் பக்கமிருந்து வருபவர்கள் ஆரப்பாளையத்தில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, கோர்ட் வளாகத்தில் மதியம் வரை காத்திருந்தால், "இன்னைக்கு இல்ல, போயிட்டு வாங்க" என்பார்கள். ஆதரவு நபர் முந்தைய நாளே போன் போட்டு, நாளை வழக்கு எடுக்கப்படுமா, நீதிபதி லீவா, வக்கீல்கள் கோர்ட் புறக்கணிப்பா என்று கேட்டு வைத்தால் இதில் பாதி மிச்சமாகும். சொல்லப்போனால் இந்த வேலையில் பெரும்பகுதி போன் போடுவதுதான்.

சாட்சி நாளுக்கு முன்பு, காலியாக இருக்கும் நேரத்தில் கோர்ட் அறையைக் குழந்தைக்குக் காட்ட அனுமதி கேட்கலாம். நீதிபதி எங்கே உட்காருவார், டைப் அடிப்பவர் எங்கே, நீ எங்கே, நான் எங்கே. டவாலி உன் பேரைச் சத்தமாகக் கூப்பிட மாட்டார். அவ்வளவு தெரிந்தாலே பாதி பயம் போய்விடுகிறது. அன்றைக்கு ஒரு பாட்டில் தண்ணீர், பன், கலர் பென்சில், ஒரு நோட்டு. குற்றம் சாட்டப்பட்டவரின் உறவுக்காரர்கள் நிற்கும் வராந்தாவில் உட்கார வைக்காமல், வேறு இடம் கேட்டு வாங்குவது. "கக்கூஸ் போகணும்" என்று சொல்லக்கூட அந்தக் குழந்தை வெட்கப்படும், நாமாகத்தான் கேட்க வேண்டும்.

செய்யக் கூடாததையும் சொல்லியாக வேண்டும். எங்களுக்கு இதில் கசப்பான அனுபவம் உண்டு. வேறொரு வழக்கில் எங்கள் தன்னார்வலர் ஒருவர் அன்பு மிகுதியால் பிள்ளையிடம், "தேதி கேட்டா இப்படிச் சொல்லும்மா" என்று சொல்லிக் கொடுத்துவிட்டார். குறுக்கு விசாரணையில், "இதையெல்லாம் யாராவது சொல்லிக் கொடுத்தார்களா?" என்ற கேள்வி வந்தது. குழந்தைகள் பொய் சொல்லாது. "மாமி சொல்லிக் கொடுத்தாங்க" என்றது. அந்த ஒரு வாக்கியத்தை வைத்தே, சாட்சியம் முழுவதும் ஜோடிக்கப்பட்டது என்று வாதம் நடந்தது. சொல்லிக் கொடுப்பது உதவி அல்ல. "தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லு, மறந்ததை மறந்துடுச்சுன்னு சொல்லு, புரியாட்டி திரும்பக் கேளு" என்று மட்டும் சொல்லலாம்.

அடுத்தது ரகசியம். குழந்தையைப் பற்றிய எந்தத் தகவலையும் எந்த நேரத்திலும் வெளியிடக் கூடாது என்பது விதி. கணவரிடம்கூடச் சொல்லக் கூடாது. எங்கள் அலுவலகத்திலும் பொறுப்பாளர் ஒருவரைத் தவிர மற்றவர்களுக்குப் பிள்ளையின் பெயர் தெரியாது. ஆரம்பத்தில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் வாய் தவறி வந்த ஒரு பேச்சு, அந்தக் குடும்பத்தை வீடு மாற்ற வைத்துவிட்டது. அதைச் சொன்னவர் நல்லவர்தான். நல்லவர் என்பதால் அந்தக் குடும்பத்துக்கு ஒரு பயனும் இல்லை.

இந்த இடத்தில் நம் ஜமாஅத்துகளுக்கும் குடும்பப் பெரியவர்களுக்கும் வெளிப்படையாக ஒன்று சொல்ல வேண்டும். இப்படி ஒரு செய்தி வந்தவுடன் நம்மிடம் முதலில் எழும் சொல் "மானம்". இரண்டாவது சொல் "பேசி முடிச்சுடலாம்". செய்தவர் பெரும்பாலும் வெளியாள் அல்ல. மாமு, சின்னத்தா, பக்கத்து வீட்டுக்காரர், பாடம் சொல்லித் தருபவர் என்று பிள்ளைக்குத் தெரிந்தவராகத்தான் இருப்பார். அதனாலேயே பேசி முடிக்கத் தோன்றுகிறது. போக்சோ குற்றம் சமரசம் பேசி முடிக்கக் கூடிய வழக்கு அல்ல. ஜமாஅத் நிர்வாகிகளோ, தாய்மாமன்களோ, கட்டப்பஞ்சாயத்தோ எழுதி வாங்கும் காகிதத்துக்கு எந்த மதிப்பும் இல்லை. அதைவிட முக்கியமாக, குற்றம் நடந்தது தெரிந்தும் காவல்துறைக்குத் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். சட்டத்தின் 19ஆம் பிரிவு தெரிவிக்கச் சொல்கிறது, 21ஆம் பிரிவு தெரிவிக்காதவருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் என்கிறது. பள்ளித் தலைமையாசிரியரும் மதரஸா பொறுப்பாளரும் டாக்டரும் நாமும் இதில் ஒன்றுதான். பிள்ளையை அவசரமாக யாருக்காவது கட்டிக்கொடுத்துவிடுவது இன்னும் கொடுமை, அது தனியே குழந்தைத் திருமணக் குற்றமும் ஆகும்.

தெரிவித்தால் வீட்டு வாசலில் ஜீப் நிற்கும், ஊரே பார்க்கும் என்று பயப்படுகிறார்கள். இந்தப் பயம் நியாயமானது. போலீஸ் சீருடையில் வரக் கூடாது என்று சட்டம் சொல்வதை முதல் போனிலேயே நாம் நினைவூட்டலாம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். புகாரைப் பதிவு செய்த போலீஸ் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தகவல் தர வேண்டும். செய்தவர் அதே வீட்டில் இருந்தாலோ, குழந்தைக்குப் பெற்றோர் ஆதரவு இல்லை என்றாலோ, அதே இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் குழந்தையையே குழுவின் முன் கொண்டுவர வேண்டும்.

குழந்தைகள் நலக் குழு என்பது ஏதோ சங்கம் அல்ல. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி மாவட்டந்தோறும் இருக்கும், மாஜிஸ்திரேட் அமர்வுக்கு நிகரான அதிகாரம் கொண்ட அமைப்பு. ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள், அவர்களில் ஒருவராவது பெண். போக்சோ மட்டும் இவர்கள் வேலை அல்ல. கைவிடப்பட்ட, பிச்சை எடுக்க வைக்கப்பட்ட, அடித்துத் துன்புறுத்தப்பட்ட, கவனிப்பாரற்ற எல்லாக் குழந்தைகளுக்கும் இவர்கள்தான் பொறுப்பு. பொதுநல நோக்குள்ள எவரும் அத்தகைய குழந்தையைக் குழுவின் முன் கொண்டுபோகலாம். பெற்றோரை இழந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய்த் தெரிந்த காப்பகத்தில் விட்டுவிட்டு வருவது நம்மிடையே நல்ல எண்ணத்தோடு நடக்கிறது. குழுவுக்குத் தெரியாமல் அப்படிச் செய்யவே கூடாது. நம் மதுரையிலேயே 2021இல், ஒரு தனியார் காப்பகத்திலிருந்த குழந்தை கொரோனாவில் இறந்து அடக்கம் செய்யப்பட்டுவிட்டதாகப் பொய் ஆவணம் காட்டி விற்கப்பட்ட விவகாரம் வெளியே வந்தது. அங்கே சேர்த்துவிட்டவர் அத்தோடு விடாமல், குழந்தை எங்கே என்று கேட்டு, சந்தேகப்பட்டுத் துருவியதால்தான் விஷயம் வெளிவந்து, குழந்தைகள் உயிரோடு மீட்கப்பட்டார்கள்.

ஆதரவு நபரின் வேலையும் ஏறக்குறைய அதுதான். மறுபடி போய்க் கேட்பது.

உதாரணமாகப் பணம். வழக்கு நடக்கும் வீட்டில் அம்மாவுக்கு மாதத்தில் சில நாள் கூலி போகிறது. சம்பாதிக்கும் ஆளே குற்றம் சாட்டப்பட்டவராக இருந்தால் அடுப்பே எரியாது. சாப்பாடு, துணி, போக்குவரத்துச் செலவு போன்ற உடனடித் தேவைக்கு ஒரு வாரத்துக்குள் பணம் கிடைக்கும்படி குழந்தைகள் நலக் குழு பரிந்துரைக்க 2020 விதிகளில் வழி இருக்கிறது. தீர்ப்புக்குக் காத்திராமல் இடைக்கால இழப்பீடு தரவும் சிறப்பு நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. உத்தரவு வந்தால் முப்பது நாளுக்குள் பணம் வர வேண்டும். குடும்பம் தன் சொந்த வக்கீலை வைத்துக்கொள்ளலாம், வசதி இல்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக ஒருவரைத் தர வேண்டும். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளை வீட்டிலேயே வளர, மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகைக்கு விண்ணப்பிக்கலாம். இதில் எதுவும் தானாக வீடு தேடி வராது. யாரோ ஒருவர் மனு எழுதி, நகல் எடுத்து, ரசீது வாங்கி, பத்து நாள் கழித்து "என்ன ஆச்சு?" என்று போய் நிற்க வேண்டும்.

பள்ளிக்கூடமும் அப்படித்தான். பாதிக்கப்பட்ட பிள்ளைகள் பலரும் முதலில் இழப்பது படிப்பை. படிப்பைத் தொடரச் செய்வதும், தேவைப்பட்டால் வேறு பள்ளிக்கு மாற்றுவதும் குழந்தைகள் நலக் குழுவின் பொறுப்பில் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆதரவு நபரின் மாத அறிக்கையில் பிள்ளையின் உடல்நிலை, மனநிலை, வீட்டு நிலவரம் எல்லாம் இருக்க வேண்டும். "நலமாக இருக்கிறாள்" என்று மாதாமாதம் ஒரே வரியை எழுதுவதற்குப் பதில் எழுதாமலே இருக்கலாம். "மூன்று வாரமாகப் பள்ளிக்குப் போகவில்லை, டி.சி. தர மறுக்கிறார்கள்" என்று எழுதினால் குழு கூப்பிட்டுக் கேட்கும்.

சாட்சிக்கு முந்தைய வாரங்களில்தான் சமாதானத் தூதர்கள் வருவார்கள். "அவன் சின்னப் பையன், வாழ்க்கையே போயிடும்" என்பார்கள், பணம் பேசுவார்கள், சில சமயம் மிரட்டுவார்கள். தாய் கலங்கிவிடுவார், பிள்ளை கூண்டில் பல்டி அடித்துவிடும், ஊர் "பொய்க் கேஸ்" என்று பேசும். இந்த நேரத்தில் ஆதரவு நபர் செய்ய வேண்டியது உபதேசம் அல்ல. வந்தவர் யார், என்று வந்தார், என்ன சொன்னார் என்று எழுதி வைத்து விசாரணை அதிகாரியிடமும் அரசு வழக்கறிஞரிடமும் சொல்வது. அந்த வாரங்களில் அடிக்கடி அந்த வீட்டுக்குப் போய் வருவது.

யார் இதைச் செய்யலாம்? பட்டியலில் பெயர் சேர்ப்பது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. கலெக்டர் அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். தேசிய ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள் சமூகப்பணி, சமூகவியல், உளவியல், குழந்தை வளர்ச்சி இவற்றில் ஒன்றில் முதுகலைப் பட்டம் கேட்கின்றன. அல்லது ஏதாவது ஒரு பட்டமும் குழந்தைகள் கல்வி, பாதுகாப்புத் துறையில் மூன்று ஆண்டு அனுபவமும். நம் மஹல்லாக்களில் எம்.எஸ்.டபிள்யூ படித்துவிட்டு, கல்யாணமாகி வீட்டில் இருக்கும் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். ஓய்வு பெற்ற ஆசிரியைகளும் இருக்கிறார்கள். பட்டியலில் உள்ளவருக்கு ஊதியம் தரவும் விதி உண்டு, அதை வாங்குவதில் எந்தக் குறைவும் இல்லை.

பட்டம் இல்லாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. கோர்ட் நாளில் அந்த வீட்டுச் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். வண்டி ஓட்ட ஒருவர், மனு எழுத ஒருவர், கூலி போன நாளுக்கு அரிசி பருப்பு வாங்கிக் கொடுக்க ஒருவர். இவர்களுக்கு வழக்கு என்ன என்று தெரிய வேண்டியதில்லை.

இது முஸ்லிம் குழந்தைகளுக்கு மட்டுமா என்று கேட்கிறார்கள். இல்லை. குழு எந்தக் குழந்தையை ஒப்படைக்கிறதோ அந்தக் குழந்தை. பெருமானார் (ஸல்) அவர்களே அநாதையாக வளர்ந்தவர்கள், அநாதையின் பொறுப்பைப் பற்றி நமக்குத் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நம் பிள்ளைக்கு நம்மில் ஒருவர் வந்தால் கூச்சம் குறையும் என்பது உண்மைதான். எனினும் தெரிந்த முகம் வேண்டாம் என்று சொல்லும் பிள்ளைகளும் உண்டு. ஆணா பெண்ணா என்பதிலும் குழந்தையின் விருப்பம் கேட்கப்படும்.

ஒரு விஷயம் பலருக்கு வருத்தமாக இருக்கும். ஆதரவு நபர் வேண்டாம் என்று குழந்தையும் பெற்றோரும் எப்போது கேட்டாலும் குழு அவரை விலக்கிவிடலாம். காரணம் சொல்லக் குழந்தை கடமைப்பட்டதல்ல. முதலில் சொன்ன அந்தப் பிள்ளை, சாட்சி சொல்லி முடித்த சில மாதங்களில், "மாமி இனிமே வர வேண்டாம்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டது. ஒன்றரை வருடம் கூடவே போன சகோதரிக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. மாமியைப் பார்த்தாலே அதற்குக் கோர்ட் ஞாபகம் வந்தது போலிருக்கிறது. அது போலிருக்கிறது என்றுதான் சொல்ல முடியும், நாங்கள் கேட்கவில்லை. மருதாணிக் கூம்பையும் கலர் பென்சில்களையும் தாயிடம் கொடுத்துவிட்டு வந்தார். பிறகு ஒரு நாள் நெல்பேட்டையில் எதிரே வந்தபோது இருவரும் ஒருவரையொருவர் தெரியாதவர்கள் போலக் கடந்து போனார்களாம். பிள்ளை கையில் பள்ளிக்கூடப் பை இருந்ததாம்.

பெயர் கொடுக்க நினைப்பவர்கள் எங்கள் அலுவலகத்தில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் பெண் பொறுப்பாளரிடம் பேசலாம். பட்டச் சான்றிதழ், ஆதார் நகல், இரண்டு புகைப்படம் கொண்டுவாருங்கள். காவல்துறைச் சரிபார்ப்புக்குச் சம்மதம் எழுதித் தர வேண்டும், நாங்களும் எல்லோரும் தந்திருக்கிறோம். குறைந்தது இரண்டு வருடம் இதே ஊரில் இருப்பீர்களா என்று முதலில் கேட்போம். வெளிநாட்டு விசா வரும் என்று காத்திருப்பவர்கள், தயவுசெய்து அரிசி பருப்புப் பக்கம் பெயர் கொடுங்கள்.